விரதத்தன்று விட்ட மாத்திரை

ஏறக்குறைய எட்டு மாசம் என் வீட்டுக்காரரைச் சோம்பேறி என்று திட்டித் தீர்த்திருக்கிறேன். மாமியார்கூட, "இவ வாயில வுழுந்தா வெளிய வர முடியாது" என்பார். பொய்யில்லை.

ஆந்திர எல்லையிலிருக்கும் எங்கள் நகரியில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவர் அவர். மெட்ராஸ் பக்கம் புதிது புதிதாகக் கம்பெனிகள் திறந்தபோது ஒன்றில் சேர்ந்தார். இரண்டு ஷிப்டு சேர்ந்தாற்போல் பார்த்துவிட்டும் சிரித்துக்கொண்டே ரயிலிலிருந்து இறங்குகிற மனிதர். ஒரு நாள் கண் மங்கியது. தலைக்குள் கட்டி என்றார்கள். ஆபரேஷனுக்கு உள்ளே போகும்போதே ஏழுமலையானிடம் வேண்டிக்கொண்டேன்: ஆள் பிழைத்தால் புரட்டாசியில் இருவரும் விரதமிருந்து நடந்தே மலையேறுகிறோம் என்று. மூக்கு வழியாகவே கட்டியை எடுத்தார்கள். பார்வை திரும்பியது.

ஆனால் வீட்டுக்கு வந்தவர் வேறு ஆள். சித்திரை வெயிலில் போர்வை கேட்டார். பட்டப்பகலில் தூங்கினார். பத்து நாளைக்கு ஒருமுறை சவரம் செய்தால் போதும் என்றானது. என் பக்கம் திரும்புவதும் இல்லை. கம்பெனியில் எவளையாவது பார்த்துவிட்டாரோ என்று நினைத்தேன். நினைத்ததோடு நின்றேனா? கேட்டும்விட்டேன். "ஆஸ்பத்திரி சோறு துன்னு துன்னு சோம்பேறி ஆயிட்ட மாமா" என்பேன். அவர் போர்வையை இழுத்து மூடிக்கொள்வார்.

எங்கள் வீட்டு விரதம் கறாரானது. வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து, சனிக்கிழமை மலையில் சாமியைப் பார்க்கும்வரை, தண்ணீர் தவிர எதுவும் தொண்டையில் இறங்கக்கூடாது. புரட்டாசி வந்தது; விரதம் தொடங்கிய வெள்ளி காலை அவர் மாத்திரை அட்டையோடு வந்து நின்றார்.

"இத மட்டும் போட்டுக்கட்டுமா?"

"கட்டிதான் எடுத்தாச்சே. ரெண்டு நாள்ல இன்னா ஆயிடப் போவுது?"

அட்டையை அலமாரியில் வைத்துவிட்டார்.

மறுநாள் மலையடிவாரத்து அலிபிரியில் முந்நூறு படிகூட ஏறியிருக்க மாட்டோம், உட்கார்ந்துவிட்டார். "நடிக்காத, எழுந்துரு" என்றேன். வாந்தி எடுத்தார். கையைத் தொட்டால் ஜில்லிட்டிருந்தது. என்னை யாரோ போலப் பார்த்தார். கத்திக் கூப்பிட்டேன். ஏறி வந்தவர்கள் நாலு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா தெலுங்கில் கேட்டார்: என்ன மாத்திரை, கடைசியாகப் போட்டது எப்போது? விரதம், நான்தான் வேண்டாம் என்றேன் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். ஊசி போடச் சொல்லிவிட்டு அவர் என்னிடம் திரும்பினார். மூளைக்கு அடியிலிருக்கும் சுரப்பி கட்டியோடு சேர்ந்து கெட்டுவிட்டதாம். உடம்புக்கு வேண்டிய ஹார்மோன் எதுவும் இனி தானாகச் சரியாக ஊறாது, அதில் உயிரைக் காப்பதை மட்டும் அந்த மாத்திரை ஈடுகட்டுகிறது, நிறுத்தினால் உயிர் போய்விடும் என்றார். குளிர், தூக்கம், வளராத தாடி, என் பக்கம் திரும்பாதது என்று நான் தயங்கித் தயங்கிக் கேட்ட எல்லாவற்றுக்கும், எல்லாம் மற்ற ஹார்மோன்கள் குறைந்ததால்தான் என்றார். சாமி பேரைச் சொல்லி நானே கொல்லப் பார்த்திருக்கிறேன்.

சாயங்காலம் அவர் தெளிவாகக் கண் விழித்தார்.

"மாத்திர வுட்டா ஆபத்துன்னு உனக்குத் தெரியாதா மாமா?"

"தெரியும். நர்ஸம்மா சொல்லித்தான் அனுப்புச்சு, செத்துடுவேன்னு."

"அப்புறம் ஏன் சொல்லல?"

அவர் மேலே ஓடும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மலையேறச் சோம்பப்பட்டுக்கினு சாக்கு சொல்றேன்னுவ."

ஆமாம். அப்படித்தான் சொல்லியிருப்பேன்.