ஆயிரம் எண்களின் பூட்டு

அக்காவின் கல்யாணத்துக்கு அந்த நம்பர் பூட்டு சூட்கேஸைக் கோவில்பட்டிக் கடையில் தேர்ந்தெடுத்தவள் நான்தான். மூன்று சின்னச் சக்கரங்கள். ஒவ்வொன்றிலும் சைபர் முதல் ஒன்பது வரை. ஆசிரியர் பயிற்சி முடித்திருந்த அக்காவை நாகலாபுரத்தில் ஒரு விவசாயச் சம்சாரி வீட்டில் கொடுத்தார்கள். வேலைக்கு அனுப்ப மாட்டோம் என்றார்கள் மாப்பிள்ளை வீட்டார். எங்கள் வீட்டில் தலையாட்டினார்கள். சான்றிதழ்கள் சூட்கேஸின் அடிக்குப் போயின.

இரண்டாம் வருஷம் ஐப்பசியில், எங்கள் வீட்டு முகவரிக்கு அவளுக்கு டீச்சர் வேலை இன்டர்வியூ கார்டு வந்தது. நோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

"அவிய கண்ணுல படக் கூடாது ஏட்டி. அம்மைக்கு மேலுக்கு முடியலன்னு சொல்லிக் கெளம்பி வந்துருதேன்" என்று அக்கா அதைச் சூட்கேஸில் வைத்துப் பூட்டினாள்.

மத்தியானம் சாப்பிடும்போது அத்தான் கேட்டார். "நம்பர் தெரியாம அந்தப் பொட்டியத் தொறக்கவே முடியாதோ?"

நான் அப்போது காலேஜில் கணிதம் படித்துக்கொண்டிருந்தேன். யாராவது கேட்டால் போதும் எனக்கு.

"முடியும் அத்தான். பத்து, பத்து, பத்து. பெருக்குனா ஆயிரம் நம்பர். ஒண்ணுக்கு அஞ்சு செகண்டுன்னாலும் ஒண்ணரை மணி நேரம் ஆவாது. ஆனா அவ்வளவு நேரம் யாரு உக்காந்து திருகிக்கிட்டு இருப்பா?"

அத்தான் சிரித்தார். குழம்பு ஊற்றிக்கொண்டிருந்த அக்காவின் கை நின்றது. அதைப் பார்த்தும் எனக்கு உறைக்கவில்லை.

பெருக்கலில் பிழையில்லை. அந்தக் கடைசிக் கேள்விதான் டவுன்காரியின் கேள்வி. அந்த வருஷம் மழை பொய்த்திருந்தது. கரிசல் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது, ஒருவரும் விதைக்கவில்லை. ஆண்களிடம் மிச்சமிருந்தது நேரம் ஒன்றுதான். ஊர்க் கிணறும் வற்றிவிட, பெண்கள் மூன்று மைல் நடந்து தண்ணீர் எடுத்தார்கள். போய் வர இரண்டரை மணி நேரம்.

மூன்றாம் நாள் அக்கா குடத்தோடு திரும்பியபோது சூட்கேஸ் திறந்து கிடந்தது. கார்டும் சான்றிதழ்களும் அடுப்பில் சாம்பலாகியிருந்தன. அத்தான் சத்தம்கூடப் போடவில்லையாம். "ஒன் தங்கச்சி சொன்ன கணக்கு சரிதான். சைபர்லேருந்து திருகுனேன். ஒரு மணி நேரத்துலயே தொறந்துட்டு" என்றாராம்.

நகல் வாங்க மாதக்கணக்காகும். இன்டர்வியூ அடுத்த வாரமே முடிந்துபோனது. அதற்குப் பிறகு அவளுக்குக் கார்டு வரவில்லை. அவர்மேல் வந்த ஆத்திரத்தைவிட என்மேல் வந்த அருவருப்புதான் பெரிது. இன்னும் போகவில்லை.

பொங்கலுக்கு வந்தபோது அக்கா ஒரே ஒரு தடவை அதைப் பற்றிக் கேட்டாள்.

"இன்னொரு சக்கரம் இருந்திருந்தா எவ்வளவு நேரம் ஆவும்?"

"பத்தாயிரம் நம்பர். பதினாலு மணி நேரம்."

"அவ்வளவு நேரம் நான் தனியா அந்த வீட்ட விட்டு எங்கயும் போனதே இல்லயேட்டி" என்றாள்.