எழுபது கிலோ துரை

பயிற்சிப் பள்ளியில் அவருக்குத் தராசு என்று பெயர் வைத்தது எந்தப் புண்ணியவானோ தெரியாது. பொருத்தம் பார்த்து வைத்திருக்கிறான். தீயணைப்பு வேலைக்கு வருகிற பிள்ளைகளை ஓடவிட்டு, ஏறவிட்டு, சுமக்கவிட்டு, தேறியவன் தேறாதவன் என்று பிரித்துக் கொடுப்பது அவர் உத்தியோகம். இருபத்தாறு வருஷமாக அதே மைதானம். சட்டைப்பையில் ஒரு ஸ்டாப்வாட்ச், பேண்ட் பையில் இன்னொன்று. ஒன்று பொய் சொன்னால் மற்றது காட்டிக்கொடுக்குமாம்.

ஒரு வருஷம் இரண்டே செகண்டில் தோற்ற ஒருவன் அவர் காலடியிலேயே உட்கார்ந்து அழுதான்.

“ரெண்டு செகண்டுதானே சார்.”

“உள்ள மாட்டிக்கிட்டவனுக்கு அந்த ரெண்டு செகண்டுதான்பா கடைசி மூச்சு. அடுத்த வருஷம் வா.”

அவரிடம் சலுகை கேட்பது கல்லில் நார் உரிக்கிற வேலை. அந்த மனிதர் தன் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை வளைந்தார். அந்த ஒரு தடவை போதுமானதாக இருந்தது.

பள்ளியில் துரை என்று ஒருவர் உண்டு. ஆள் உயரத்துக்குக் கித்தானில் தைத்த பொம்மை. உள்ளே மணல் பைகள். துரை நடக்கமாட்டார், அவரைத் தூக்கிக்கொண்டுதான் போகவேண்டும், அதனால் அந்தப் பெயர். எடை எழுபது கிலோ. முழு உடுப்பும் காற்று சிலிண்டரும் மாட்டிக்கொண்டு, பயிற்சிக் கோபுரத்தின் இரண்டாவது மாடியிலிருந்து துரையைப் படியிறக்கி, முப்பது மீட்டர் தள்ளியிருக்கும் வெள்ளைக் கோட்டில் சேர்க்கவேண்டும். மூன்று நிமிஷம். வேலைக்குச் சேர்கிறவர்கள் ஒரு தடவை செய்தால் போதும். ஐம்பது தாண்டியவர்கள் வருஷா வருஷம் செய்து காட்டவேண்டும். முடியாதவர் வண்டியிலிருந்து இறங்கி, கன்ட்ரோல் ரூமில் போன் எடுக்கப் போய்விடுவார்.

தேர்வு நாளில் துரையைக் கொக்கித் தராசில் தொங்கவிட்டு எல்லார் முன்னாலும் நிறுப்பார்கள். அது காட்டும் எடையைத் தராசு படிக்கமாட்டார்; தேர்வுக்கு வந்தவர்களில் ஒருவர்தான் உரக்கப் படிக்கவேண்டும். பிறகு துரையின் நெஞ்சில் சாக்பீஸால் எழுபது என்று எழுதுவார். ஒருத்தரும் பின்னால் ஒரு வார்த்தை பேசிவிடக்கூடாது என்று அவரே கொண்டுவந்த வழக்கம் அது.

மாப்பிள்ளையும் தராசும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தவர்கள், ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். நண்பன்தான் பிறகு தராசின் தங்கையைக் கட்டி மாப்பிள்ளை ஆனார். தடித்த தேகம், வெண்கலக் குரல், எந்த இழவு வீட்டிலும் யாரையாவது சிரிக்கவைத்துவிடுகிற வாய். பதவி உயர்வு வந்தபோது இரண்டு தடவையும் வேண்டாம் என்று எழுதிக்கொடுத்தார். மேலே போனால் வண்டியில் ஏறமுடியாதே. முப்பத்தோரு பேரை உயிரோடு வெளியே கொண்டுவந்திருக்கிறார். கணக்கு அவரிடம் இல்லை, அவர் மனைவியிடம் இருக்கிறது.

போன வருஷத் தேர்வு முடிந்த கையோடு ஏணி சறுக்கி வலது தோள் கெட்டது. மாப்பிள்ளை யாரிடமும் மூச்சுவிடவில்லை. பனியனுக்குள் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு வேலைக்கு வந்தார். தைல வாசனையை மறைக்கச் சென்ட் வேறு போட்டுக்கொண்டார். ஐம்பத்தாறு வயதில் இந்த ஆளுக்கு என்ன வந்தது என்று நிலையமே கேலி பேசியது.

தேர்வுக்கு ஒரு வாரம் இருந்தது. மதிய நேரம், மைதானத்தில் யாரும் இல்லை என்று நினைத்து மாப்பிள்ளை துரையைத் தூக்கிப் பார்த்தார். தராசு ஸ்டோர் ரூம் ஜன்னலில் நின்றிருந்தார். படி இறங்கியதே பெரும்பாடு. தரையில் பாதி தூரம் வருவதற்குள் துரையைக் கீழே போட்டு, அதன்மேலேயே உட்கார்ந்து, தோளைப் பிடித்துக்கொண்டார் மாப்பிள்ளை. பிறகு, பார்த்தவர் யாராவது உண்டா என்று சுற்றும் முற்றும் பார்த்தார். தராசு ஜன்னலைவிட்டு ஒரு எட்டு பின்னால் போனார். அப்போதே வெளியே போய், மாப்ள, போதும், இறங்கிடு என்று சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வந்தாள். அண்ணனுக்குக் காபி போட்டுக் கொடுத்துவிட்டு அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“அண்ணே, அவரைப் போன் எடுக்க உக்கார வச்சா ஆறு மாசம் தாங்கமாட்டாரு. எனக்குத் தெரியும். ரிட்டயராக இன்னும் ஒன்றரை வருஷம்தானே இருக்கு. பாத்துக்கோங்க.”

பாத்துக்கோங்க என்பது பொல்லாத சொல். என்ன செய்யவேண்டும் என்று சொல்லாது, செய்யாவிட்டால் விடாது. தராசு காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தார்.

தேர்வன்று காலையில் வழக்கம்போல் துரையைத் தொங்கவிட்டார்கள். ஐந்து பேர் பட்டியல். எடையைப் படித்தது மாப்பிள்ளையேதான். “எழுபது, சுளையா எழுபது” என்று வெண்கலக் குரலில் கத்தினார். அதற்குள் சாலை விபத்து என்று அழைப்பு வர, மாப்பிள்ளை வண்டியில் ஏறிப் போய்விட்டார். மற்ற நான்கு பேரும் மதியத்துக்குள் முடித்தார்கள். மூன்று பேர் தேறினார்கள். நாலாவது ஆளைத் தராசு கண் இமைக்காமல் தோற்கடித்தார்.

சாப்பாட்டு நேரத்தில் துரையை ஸ்டோர் ரூமுக்குள் இழுத்துப்போய்க் கதவைச் சாத்தினார். தொடையிலும் முதுகிலும் கயிற்றைப் பிரித்தார். நாலு கிலோ பைகள் நாலை உருவிப் பழைய ஹோஸ் சுருளுக்குப் பின்னால் வைத்தார். இடம் தெரியாமல் இருக்கக் கந்தலை அடைத்துத் திரும்பக் கட்டினார். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள்; அன்று அவருக்கு எல்லாம் ஆடியது. ஒன்றரை வருஷத்தில் என்ன வந்துவிடப் போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். நெஞ்சில் எழுபது என்று சாக்பீஸ் எழுத்து அப்படியே இருந்தது.

விபத்திலிருந்து திரும்பி வந்த மாப்பிள்ளை இரண்டு நிமிஷம் நாற்பத்தெட்டு செகண்டில் வெள்ளைக் கோட்டைத் தொட்டார். மாஸ்க்கைக் கழற்றி, துரையின் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார்.

“என்னடா மச்சான், துரை இளைச்சுட்டாரு போலிருக்கே.”

கையெழுத்துப் போட வந்த அதிகாரி சிரித்தார். தராசும் சிரித்தார். சாயங்காலம் பைகளைப் பழையபடி உள்ளே வைத்துக் கட்டிவிட்டார். மாப்பிள்ளை அன்றிலிருந்து சென்ட் போடுவதை நிறுத்திவிட்டார், தைலத்தையும். தோள் தேறிவிட்டது என்றே நம்பினார். அதுதான் இதில் மிக மோசமான விஷயம்.

மூன்றாவது வாரம், காலை பதினொரு மணி. கீழ்த்தளத்தில் மெத்தைக் கடை, மேலே மூன்று மாடி வீடுகள். மெத்தை எரிந்தால் நெருப்பைவிடப் புகைதான் கொல்லும். மூன்றாவது மாடியில் ஒரு அம்மாவும் ஒன்பது வயதுப் பையனும் மாட்டிக்கொண்டார்கள். கூடப் போனவர் பையனைத் தூக்கிக்கொண்டு முதலில் இறங்கிவிட்டார். அம்மா மயங்கிக் கிடந்தாள். அவளை மாப்பிள்ளை எடுத்தார்.

தராசு அப்போது பள்ளி அலுவலகத்தில் இருந்தார். மேஜையில் வயர்லெஸ் ஓடிக்கொண்டிருந்தது. முதலில் காற்று தீர்ந்துவருவதைச் சொல்லும் அலாரம் கீச்சென்று கேட்டது. அதற்குப் பிறகு மாப்பிள்ளையின் குரல், அது அவர் குரல் மாதிரியே இல்லை.

“படியில ரெண்டாவது திருப்பத்துல விட்டுட்டேன். கை வரல. ஆள் அனுப்புங்க. விட்டுட்டேன்.”

ஏழு நிமிஷம் கழித்து வேறு இருவர் அந்த அம்மாவைக் கொண்டுவந்தார்கள். ஆம்புலன்ஸில் உயிர் போனது. ஆஸ்பத்திரித் தாளில் பெயர், வயது, எடை எல்லாம் எழுதியிருந்தது. எடை ஐம்பத்தெட்டு கிலோ. இதை மாப்பிள்ளை எப்படியோ பார்த்துவிட்டார்.

விசாரணை நடந்தது. கண் தெரியாத புகை, காற்றும் தீர்ந்த நிலை, யார்மேலும் குற்றமில்லை என்று எழுதினார்கள். மாப்பிள்ளைக்குப் பாராட்டுக் கடிதம்கூட வந்தது. அதைப் பிரிக்காமலே டிவி பெட்டியின் அடியில் செருகிவிட்டு லீவு போட்டார். சாப்பாடு இறங்கவில்லை. பதினோரு நாளில் கன்னம் ஒட்டிவிட்டது.

அந்தப் பதினோரு நாளும் தராசு வாய் திறக்கவில்லை. காரணங்களுக்கா பஞ்சம்? வேலை போகும், தங்கை முகத்தில் விழிக்கமுடியாது, செத்தவள் திரும்பி வரப்போகிறாளா என்ன. எதை எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் அதற்குக் கோழைத்தனம் என்றுதான் பெயர். பன்னிரண்டாம் நாள் தங்கை போனில் அழுதாள்.

“உயிருக்குப் பயந்து ஒரு பொம்பளைய விட்டுட்டு ஓடிவந்தேன்னு சொல்லிச் சொல்லி அழறாருண்ணே. நீங்க ஒரு தடவை பேசுங்க.”

மத்தியானம் போனார். முன்னறையில் மாப்பிள்ளை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். தங்கை இருவருக்கும் தண்ணீர் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

“மச்சான், அலாரம் அடிச்சதும் எனக்கு உயிராசை வந்துடுச்சு” என்றார் மாப்பிள்ளை. “வேற ஒண்ணுமில்ல. எழுபது கிலோவை அதுக்கு மூணு வாரம் முன்னாடிதான் தூக்கினவன் நான். அவங்க ஐம்பத்தெட்டு. கை வரலைன்னு வயர்லெஸ்ல பொய் சொன்னேன்.”

“பொய் இல்ல மாப்ள. கை நெஜமாவே வரல. உன் தோள் போயிடுச்சு. நீ தூக்கினது எழுபது இல்ல, ஐம்பத்துநாலு. நாலு பைய நான் உருவிட்டேன்.”

மாப்பிள்ளை சுவரைவிட்டு அவர் பக்கம் திரும்பினார். பிறகு, இத்தனை நாளில் முதல் தடவையாக, லேசாகச் சிரித்தார்.

“நீயா?”

“நான்தான்.”

“போடா. பெத்த புள்ளைக்கே ஒரு செகண்டு விட்டுத்தராத ஆளு நீ. அவன் ரெண்டு வருஷம் உன்கூடப் பேசல. எனக்காக உருவினியாம்.”

“நீயே சொன்னியே, துரை இளைச்சுட்டாருன்னு.”

“அது வாய்க்கொழுப்பு. காலைல எடையைப் படிச்சதே நான்தானே.”

“மதியம் எடுத்தேன். அதுக்கு முந்தின வாரம் நீ பாதியில போட்டதையும் பாத்தேன்.”

“அன்னிக்கு வெறும் வயிறு. அடுத்த வாரம் தூக்கினேன்ல? என்னைத் தேத்தறதுக்கு நீ பொய் சொல்ல ஆரம்பிச்சுட்ட பாரு, அதுதான் மச்சான் கஷ்டமா இருக்கு.”

தராசு தன் தலையில் அடித்துக்கொண்டார். இருபத்தாறு வருஷமாகச் சேர்த்த நல்ல பெயர் குறுக்கே சுவர் மாதிரி நின்றது. எழுந்து மாப்பிள்ளையின் கையைப் பிடித்து ஸ்கூட்டரில் ஏற்றி மைதானத்துக்குக் கொண்டுபோனார். லீவு நாள், காவலாளியைத் தவிர யாரும் இல்லை. துரை ஸ்டோர் ரூமில் மல்லாந்து கிடந்தார்.

“தூக்கு.”

மாப்பிள்ளை அக்குளில் கைகொடுத்துத் தூக்கிப் பார்த்தார். ஒரு சாண் எழும்பி விழுந்தது.

“பாத்தியா? இதுதான் எழுபது” என்றார் தராசு. மண்டியிட்டுக் கயிறுகளைப் பிரித்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று பைகளை எடுத்துத் தரையில் வரிசையாக வைத்தார். “இப்பத் தூக்கு. அன்னிக்கு நீ தூக்கினது இதைத்தான்.”

மாப்பிள்ளை மறுபடி குனிந்தார். கழுத்து நரம்பு புடைத்தது, கால் வழுக்கியது. பன்னிரண்டு நாளாகச் சோறு காணாத உடம்பு அது, அதில் எங்கிருந்து பலம் வரும்? அரை மட்டத்துக்குக் கொண்டுவந்து, முடியாமல், துரையோடு சேர்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். தராசுக்கு அப்போதுதான் உறைத்தது, பதினோரு நாள் தாமதித்து வந்திருக்கிறோம் என்று.

“தெரியுதா மச்சான்?” மூச்சிரைக்கக் கேட்டார் மாப்பிள்ளை. “எடையில ஒண்ணுமில்ல. எவ்வளவு உருவினாலும் இனி எனக்கு வராது. அங்கயே மனசு விட்டுப்போச்சு.”

“மாப்ள, நான் சொல்றதக் கேளு. அவங்க செத்ததுக்கு நான்தான் காரணம்.”

“இதை வெளிய எங்கயும் உளறி வைக்காத. எனக்காக உன் பேரைக் கெடுத்துக்காத. என் பொண்டாட்டி சத்தியமா சொல்றேன், நீ என்ன எழுதிக்கொடுத்தாலும் நான் இல்லைன்னுதான் சொல்லுவேன்.”

தராசு தரையிலேயே உட்கார்ந்து அழுதார். மாப்பிள்ளை அவர் முதுகைத் தடவிக்கொடுத்தார். பிறகு கெட்ட தோளைப் பிடித்தபடி நகர்ந்துபோய், இடது கையால் பைகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துரைக்குள் திணிக்க ஆரம்பித்தார்.

“என்ன பண்ற?”

“நாளைக்குப் புதுப் பசங்களுக்கு டெஸ்ட்டுன்னு போர்டுல போட்டிருக்கு. எடை சரியா இருக்கணும். கயித்த எடு.”