பிழை விட்டவரைத் தலைவராக்கிய பவளராணி

பவளராணி காலமான செய்தி செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்தது. ஒஸ்லோவின் ரொம்மனில் என் வீட்டுச் சமையலறையில் பாண் வெட்டிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் சிந்துஜா. "அங்கிள், அன்ரி போட்டா" என்று சொல்லிவிட்டு அழுதாள். இரங்கல் எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் தலையில் இடி விழுந்தது என்று எழுதுவார்கள். எனக்கு இடி எதுவும் விழவில்லை. கதிரையில் உட்கார்ந்தேன். பெரிய ஆறுதல் வந்தது. அவருடைய வலி முடிந்தது என்பது அதற்கு ஒரு காரணம். மற்றக் காரணத்தைச் சொல்லவே இதை எழுதுகிறேன். பிடிக்காதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

உங்களில் பலர் அவரை முதியோர் இல்லத்தில் துப்புரவு வேலை செய்தவராக அறிவீர்கள். அந்த வேலையை விட்டு, நாற்பத்தேழு வயதில், சமூகப்பணி படிக்கக் கல்லூரியில் சேர்ந்தவர் அவர். அங்கேதான் சிந்துஜாவைச் சந்தித்தார். அந்தப் பிள்ளை அமெரிக்காவில் ஒரு வருடம் படித்துவிட்டுத் திரும்பியிருந்தாள். அங்குள்ள கல்லூரிகளில் பெண்கள் சகோதரிகளாக உறுதியெடுத்துச் சங்கம் வைத்து, ஊருக்கு உதவி செய்து, தலைமை தாங்கவும் பழகுவார்களாம். நோர்வேயில் அப்படி ஒன்றும் இல்லை. அவள் ஒஸ்லோவில் படிக்கும் பத்துப் பன்னிரண்டு தமிழ்ப் பிள்ளைகளைச் சேர்த்துச் 'சகோதரியர் வட்டம்' என்று ஒன்றைத் தொடங்கினாள். புது நூற்றாண்டு பிறந்து மூன்றாவது மாரிகாலம் அது. பவளராணியும் போய்ச் சேர்ந்துகொண்டார்.

நான் கோயில் வாசலில் வைத்துக் கேட்டேன்: "நாப்பத்தேழு வயசிலை புதுச் சகோதரியோ, தங்கச்சி?"

"ஓம் அண்ணை. புதுசாச் சேந்தவை முதல் மூண்டு மாசம் எல்லாருக்கும் தேத்தண்ணி ஊத்த வேணுமாம். நான் வீட்டிலை இருவத்தைஞ்சு வருசமா ஊத்திறன். ஒருத்தரும் என்னைச் சங்கத்திலை சேக்கேல்லை."

பிள்ளைகள் அவரை அன்ரி என்று அழைத்தார்கள். கூட்டத்தில் அது கூடாது, பெயர் சொல்லித்தான் அழைக்க வேண்டும் என்று அவர் சட்டம் போட்டார். இருபது வயதுப் பிள்ளை "பவளராணி, நீங்கள் சொல்லுங்கோ" என்று சொல்வதை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். அது பிழை என்று அன்றே சொன்னேன். இன்றும் அதையே சொல்கிறேன். அவர் சிரித்தார். "கூட்டத்திலை பவளராணி. பனி அள்ளேக்கை மட்டும் அன்ரி. இடுப்பு நோகுது."

பனி அள்ளப் போனதில்தான் வட்டத்தின் பெரிய விதி பிறந்தது. ரொம்சோஸ் குடியிருப்பில் வயது போன தமிழ்த் தம்பதி ஒன்று இருந்தது. அவர்களின் வாசல் பனியை அகற்றச் சிந்துஜாவின் தலைமையில் எட்டுப் பேர் போனார்கள். அங்கே கட்டடங்கள் எல்லாம் ஒன்றைப்போல் ஒன்று இருக்கும். மூன்று மணித்தியாலம் அள்ளி முடித்தபோது ஒரு நோர்வேக்காரர் வந்து எல்லோருக்கும் கோப்பி கொடுத்து, கை குலுக்கி நன்றி சொன்னார். அது அவருடைய வாசல். தமிழ்த் தம்பதி அடுத்த கட்டடத்தில் கதவைத் திறக்க முடியாமல் இருந்தார்கள். அந்த வாரக் கூட்டத்தில் சிந்துஜா தலைமையை விட்டு விலகுவதாகச் சொன்னாள். பவளராணி விடவில்லை. "பிழை விட்ட ஆள்தான் அடுத்த முறையும் தலைவர். எந்த இடத்திலை பிசகும் எண்டு அவவுக்குத்தான் தெரியும்" என்றார். அதுவே வட்டத்தின் விதியாயிற்று. பிழையை ஒப்புக்கொண்டு எழுந்து நிற்பவரே அடுத்த வேலைக்குத் தலைவர்.

என் மனக்குறைக்கு வருகிறேன். நான் கல்லூரி வாசலை மிதிக்காதவன். நோர்வேயின் வடக்கே மீன் தொழிற்சாலையில் வேலை செய்தபோது பழைய பத்திரிகைகளையும் ஓர் அகராதியையும் வைத்து நோர்வேஜிய மொழியை நானே படித்தேன். ஒஸ்லோவுக்கு வந்த பிறகு பதினைந்து வருடம், சனிக்கிழமைகளில், அரசாங்கக் கடிதங்களோடு வந்த நம்மவர்களுக்கு வாசித்துச் சொல்லிப் பதில் எழுதிக் கொடுத்தேன். எவரும் எனக்குப் பட்டம் தரவில்லை, நானும் கேட்கவில்லை. திடீரென்று ரொம்சோஸ் நூலகத்தில் சகோதரியர் வட்டம் 'கடித மேசை' வைத்தது. ஆட்கள் அங்கே போனார்கள். என்னிடம் ஒரு சொல் கேட்டார்களா? இல்லை. இதை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய்.

அந்த இலையுதிர் காலத்தில் சரசக்கா என்னிடம் ஒரு கடிதம் கொண்டு வந்தார். கணவரை இழந்து, லிப்ட் இல்லாத நாலாம் மாடியில் முழங்கால் வலியோடு தனியாக இருந்தவர். கீழ்த்தளத்தில் ஒரு வீடு கேட்டு விண்ணப்பித்திருந்தார். நகரசபை மறுத்துவிட்டது. மூன்று வாரத்துக்குள் மேன்முறையீடு செய்யலாம். நான் அழகாக ஒரு பதில் எழுதி, நாள் எண்ணி, கடைசி வாரத்தில் அனுப்பினேன். பிந்திவிட்டது என்ற நகரசபைக் கடிதத்தோடு அது திரும்பி வந்தது. சரசக்கா அந்த இரண்டாவது கடிதத்தைக் கடித மேசைக்குக் கொண்டு போனார்.

பவளராணி என் வீட்டுக்கு வந்தார். "அண்ணை, மூண்டு கிழமையை எந்த நாளிலையிருந்து எண்ணினனீங்கள்?"

"என்னட்டைக் கொண்டு வந்த நாளிலையிருந்து."

"உங்களட்டைக் கொண்டு வரேக்கையே கடிதம் அவவின்ரை வீட்டுக்கு வந்து பத்து நாளாச்சு. அரசாங்க முத்திரை கண்டவுடனை உடைக்காமல் சாமிப்படத்துக்குக் கீழை வைச்சிட்டா."

எனக்கு முகம் எரிந்தது. "பதினைஞ்சு வருசம் நான் வாசிச்சனான். நீங்கள் ரண்டு புத்தகம் படிச்சுப்போட்டு என்னை விசாரிக்க வந்திட்டியளோ?"

"வியாழக்கிழமை கூட்டத்துக்கு வாங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சண்டை பிடிப்பதற்காகவே போனேன். பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். சரசக்காவின் விஷயம் வந்தது. என் பெயரைச் சொல்லட்டும், நாலு கேள்வி கேட்கிறேன் என்று காத்திருந்தேன். பவளராணி எழுந்தார். "இதிலை பிழை விட்டது நான். மறுபடி முறையிடுற வேலைக்கு நானே தலைவர்" என்றார். பிள்ளைகள் தலையாட்டினார்கள். என் பிழை என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். என்மேல் இரக்கப்பட்டு, பிள்ளைகள் முன்னால் எனக்குப் பிச்சை போடுகிறார் என்று எடுத்துக்கொண்டேன். சப்பாத்துக் கயிறைக்கூடக் கட்டாமல் வெளியேறினேன்.

அடுத்த வசந்தத்தில் சரசக்கா துரொண்ட்ஹெய்மில் இருக்கும் மகளிடம் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். வீடு கிடைக்கவில்லை, படி ஏற முடியவில்லை, என்னால்தான் ஒஸ்லோவை விட்டே போனார் என்று முடிவு கட்டினேன். யாரிடமும் கேட்கவில்லை. கடிதம் வாசிப்பதை நிறுத்தினேன். பவளராணியோடு நாலு வருடம் கதைக்கவில்லை. கோபம் என்று ஊருக்குச் சொன்னேன். உள்ளே இருந்தது பயம்.

அவருக்குப் புற்றுநோய் முற்றிவிட்டது என்று சிந்துஜா சொன்னாள். "அன்ரி உங்களைக் கேக்கிறா, அங்கிள்." இரண்டு முறை மறுத்தேன். மூன்றாம் முறை போனேன்.

கட்டிலில் மெலிந்து கிடந்தார். என்னைக் கண்டதும், "நாலு வருசம். ரெயில் பிந்தினதோ, அண்ணை?" என்றார்.

நான் நின்றபடியே சொன்னேன். "சரசக்காவை இந்த ஊரை விட்டு அனுப்பினவன் நான். அதைச் சொல்லத்தான் வந்தனான்."

"ஆர் சொன்னது? அவவுக்கு வீடு கிடைச்சதெல்லோ."

நான் உட்கார்ந்துவிட்டேன்.

"உங்கடை கடிதத்திலை ஒரு சொல்லும் மாத்தேல்லை. மேலை ஒரு தாள் மட்டும் வைச்சனாங்கள், ஏன் பிந்தினது எண்டு. மனிசி கடிதத்தைச் சாமிக்கு வைச்சவ எண்டு உள்ளதை உள்ளபடி எழுதினம். ஏத்துக்கொண்டினம். கீழ்வீடு குடுத்தினம். அவ நாலு மாசம் இருந்து பாத்துப்போட்டு, பக்கத்து வீட்டு நாய் குரைக்குது எண்டு மகளட்டைப் போட்டா."

"எனக்கு ஏன் சொல்லேல்லை?"

"ரண்டு தரம் வந்து உங்கடை மணியை அடிச்சனான். நீங்கள் உள்ளை றேடியோவை நிப்பாட்டின சத்தமும் கேட்டது."

அது உண்மை. கதவுக்குப் பின்னால் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

கடைசியாகக் கேட்க வேண்டியதைக் கேட்டேன். "என்ரை பிழையை அண்டைக்கு ஏன் உங்கடை எண்டு சொன்னனீங்கள்? இரக்கமோ?"

அவருக்குக் கோபம் வந்தது. அந்த உடம்பிலும் வந்தது. "என்ன இரக்கம்? அது என்ரை பிழை. உங்களட்டைக் கொண்டு வர முந்தின கிழமை பிள்ளையளோடை அவவின்ரை வீட்டை போனனான். சாமிப்படத்துக்குக் கீழை நகரசபைக் கடிதம் கிடந்ததைக் கண்டனான். மேலை திருநீறு கொட்டியிருந்தது. சாமித்தட்டிலை எப்பிடிக் கை வைக்கிறது எண்டு கூச்சப்பட்டு, ஒண்டும் கேக்காமல் வந்திட்டன். அண்டைக்கு வாய் திறந்திருந்தால் நீங்கள் எப்பிடி எண்ணினாலும் சரியாத்தான் வந்திருக்கும்."

நாலு வருடமாக நான் பிச்சை என்று நினைத்தது வெறும் உண்மை. வெளியே வந்து பேருந்துத் தரிப்பில் நின்றேன். பனி கரைந்து தெருவெல்லாம் ஈரமாக இருந்தது. இரண்டு பேருந்துகளைப் போகவிட்டேன். நெஞ்சில் இருந்த பாரம் எங்கே போனது என்று தெரியவில்லை. இரண்டு வாரம் கழித்து அவர் போனார். அதனால்தான் சொல்கிறேன், எனக்கு இடி விழவில்லை. நான் போய்ப் பார்க்காமல் அவர் போயிருந்தால் விழுந்திருக்கும்.

செத்தவீட்டில் ஒரு பெரிய மனிதர் அவரைப் "பிழையே அறியாதவர்" என்று பேசினார். எழுந்து மறுக்க நினைத்தேன். சிந்துஜா கையைப் பிடித்துக்கொண்டாள். அங்கே சொல்ல முடியாததை இங்கே சொல்கிறேன். அவர் பிழை விட்டவர். அதை எழுந்து நின்று சொன்னவர். சொன்ன பிறகு வேலையைத் தன் தலையில் எடுத்தவர். இந்த ஊரில் எத்தனையோ சங்கங்களையும் தலைவர்களையும் பார்த்துவிட்டேன். இப்படி இன்னொருவரை நான் காணவில்லை.

அன்று மாலை துரொண்ட்ஹெய்முக்குத் தொலைபேசி எடுத்தேன். சரசக்காவுக்குச் செய்தியைச் சொல்லி, பிறகு தொண்டையைச் செருமினேன்.

"அக்கா, அண்டைக்கு உங்கடை கடிதம் பிந்தினது என்னாலை. நாளைப் பிழையா எண்ணிப்போட்டன்."

"எட தம்பி, பவளம் தன்ரை பிழை எண்டெல்லோ சொன்னவ."

"பாதி அவவின்ரை. பாதி என்ரை."

"அப்ப சாமிக்கு வைச்ச நான் ஆர்?" என்று சரசக்கா சண்டைக்கு வந்துவிட்டார்.

வட்டத்துப் பிள்ளைகள் அவருடைய படத்தை வைத்திருக்கிறார்கள். கல்லூரிப் புத்தகங்களைக் குடும்பத்தார் எடுத்துக்கொண்டார்கள். பிழை முழுவதையும் தன் பெயரில் கொண்டுபோகப் பார்த்தார் பவளராணி. அதில் என் பங்கை அவரிடமிருந்து திருப்பி வாங்கிவிட்டேன். அது என்னிடம் இருக்கிறது. எவர் வந்து கேட்டாலும் கொடுக்கமாட்டேன்.