ஊற்ற இடமில்லாத கார்

அச்சுவேலியில் எங்கள் வாசலிலிருந்து யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரி பதினாறு கிலோமீற்றர். கிழமைக்கு இரண்டு தடவை மனைவியை இரத்தச் சுத்திகரிப்புக்குக் கூட்டிப்போகிறேன். பழைய பெற்றோல் கார் வழியில் இரண்டு முறை நின்றுவிட்டது. மின்சாரக் கார் எடுத்துத் தருகிறேன் என்று மகள் சொன்னபோது ஏழு காரணங்கள் எழுதி மறுத்தேன். ஆறு காரணங்கள் சில்லறை. ஏழாவதுதான் உண்மையானது: வழியில் கரண்ட் முடிந்தால் ஊற்ற ஒன்றுமில்லை.

யுத்தகாலத்தில் நாங்கள் மண்ணெண்ணெயில் கார் ஓட்டியவர்கள். கொஞ்சம் பெற்றோல் விட்டுக் கிளப்பினால், பிறகு மண்ணெண்ணெயில் புகைத்துக்கொண்டு ஓடும். மின்சாரமோ வருடக்கணக்காக இருக்கவில்லை. அதை நம்பி மனைவியை எப்படி ஏற்றுவது?

மனைவிதான் பெற்றோல் தட்டுப்பாட்டை நினைவூட்டினாள். அப்போது இரண்டு நாள் வரிசையில் நின்றேன். அவளுக்கு ஒரு தவணை தவறி, கால் இரண்டும் வீங்கின.

"கூரையிலை சோலர் தகடு கிடக்கு. வெயிலுக்கு வரிசை இல்லைத்தானே" என்றாள்.

விற்பனை நிலையத்தார் ஒரு நாள் ஓடிப் பார்க்கத் தந்தார்கள். காலையில் பற்றறி எண்பத்துநான்கு வீதம் காட்டியது. பழக்கத்தில் ஐந்து லீற்றர் பெற்றோல் கானையும் எடுத்துப் பின்பெட்டியில் வைத்தேன். அவள் படலையடியில் நின்று பார்த்துவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, கரண்டை உதுக்கை பிடிச்சுக்கொண்டு வரப்போறியளோ?"

பின்பெட்டியை மூடிவிட்டு ஏறினேன். மிச்சம் பிடிக்கலாமென்று ஏசியையும் நிறுத்தினேன். கோப்பாய்க்கு முன்னரே அவளுக்கு வியர்த்து வழிந்தது. போடச் சொன்னாள், போட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் எழுபத்தேழு.

சிகிச்சை முடிந்து திரும்பும்போது பழைய காரின் உதறலில் அவளுக்குக் குமட்டும். அதற்காக மடியில் ஒரு பை வைத்திருப்பாள். அன்று அந்தப் பை மடித்தபடியே இருந்தது. இருபாலை தாண்டியதும் தலை சரிந்து தூங்கிவிட்டாள். குழிகளை விலத்தி மெதுவாக ஓட்டினேன். பின்னால் ஒரு பஸ் நான்கு தரம் ஹோர்ன் அடித்தது.

வீட்டு வாசலில் எழுபது. பதினான்கு வீதத்தில் முப்பத்திரண்டு கிலோமீற்றர். இரண்டு தரம் வகுத்துப் பார்த்தேன், விடை மாறவில்லை. காரை நிறுத்தியது தெரியாமல் அவள் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். எழுப்பாமல் மகளுக்குத் தொலைபேசி எடுத்து, ஓம் என்றேன்.

புதிய கார் வந்து நான்கு மாதமாகிறது. அதன் பின்பெட்டியில் ஏற்றிய கானை மட்டும் நான் இன்னும் இறக்கவில்லை.