அண்ணாந்து குடித்த வைன்

சென்ற வருடம் செப்டம்பர் மாதத்தில் ஒரு சனிக்கிழமை நடந்த கதை இது. சுவிஸில், பேர்ண் நகரத்திலிருந்து அதிக தூரமில்லை, மூர்த்தன் ஏரிக்கரையில். கொடிகளில் திராட்சை பழுத்துத் தொங்கிய காலம். அன்று நான் செய்த காரியத்தை என் மகள் இன்றைக்கும் வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் நடித்துக் காட்டிக்கொண்டிருக்கிறாள். அவளுடைய நடிப்பில் கொஞ்சம் கூட்டலும் உண்டு. அதனால் நடந்ததை நடந்தபடி நானே எழுதிவிடுவதுதான் எனக்குப் பாதுகாப்பு.

நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்த நாட்டில் இருபத்தேழு வருடங்கள் ஆகின்றன. பேர்ணில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பகுதியில் வேலை. படுக்கை விரிப்பு, டொக்டர்மாரின் வெள்ளை அங்கி, நோயாளிகளின் உடுப்பு எல்லாம் எங்களிடம்தான் வரும். இரத்தம், அயடின், சூப், கோப்பி என்று கறை பிடித்த துணிகளைத் தனியாக ஒரு வண்டியில் போட்டு என் மேசைக்குத் தள்ளிவிடுவார்கள். ஆனால் வெளியில் யாராவது என்ன வேலை என்று கேட்டால், "ஆஸ்பத்திரியில வேலை" என்று சொல்லி நிறுத்திக்கொள்வேன். ஊரில் சிலர் என்னை மருத்துவத் துறையில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். நானும் திருத்தப் போகவில்லை.

மனைவிக்கும் மகளுக்கும் சுவிஸ் குடியுரிமை எப்போதோ கிடைத்துவிட்டது. நான்தான் இன்றைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தேன். லண்டனில் என் தங்கையின் மகளுக்குக் கலியாணம் வந்தபோது அவர்கள் இரண்டு பேரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். எனக்கு விசா நேரத்துக்கு வரவில்லை. தாய்மாமனான நான், மாப்பிள்ளை தாலி கட்டுவதைத் தொலைபேசியில் பார்த்தேன், அதுவும் பாதியில் படம் நின்றுவிட்டது. அன்றைக்கு அழுகையே வந்துவிட்டது. அடுத்த கிழமையே விண்ணப்பம் போட்டேன்.

கெமைண்ட என்று நாங்கள் சொல்லும் ஊர் அலுவலகத்தில் முதல் சந்திப்பு. அங்கிருந்த பெண் அதிகாரி, ஓய்வு நேரத்தை எந்தச் சுவிஸ்காரரோடு கழிக்கிறீர்கள் என்று கேட்டார். என் மேலதிகாரியோடு என்றேன். அது வேலை நேரம் என்றார். அப்படியானால் மேல்வீட்டுக்காரரோடு என்றேன். அவரோடு என்ன கதைப்பீர்கள் என்றார். எங்கள் கட்டடத்துச் சலவை அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதைத் தவிர நானும் அவரும் பதினொரு வருடமாக வேறு எதுவும் கதைத்ததில்லை. அதையே சொன்னேன். அவர் ஏதோ எழுதிக்கொண்டு, நவம்பரில் குடியுரிமை ஆணைக்குழுவின் நேர்முகம், அதற்கு முதல் ஊர்ச் சனத்தோடு கொஞ்சம் பழகுங்கள் என்று அனுப்பிவிட்டார்.

மகள் கணினியில் தேடி ஒரு வழி கண்டுபிடித்தாள். எங்கள் ஊரில் வரலாற்றில் ஆர்வமுள்ளவர்களின் சங்கம் ஒன்று வருடத்துக்கு ஒருமுறை வழிகாட்டியோடு பஸ்ஸில் பயணம் போகும். காலையில் ரோமர் காலத்து அரங்கு, மத்தியானம் மூர்த்தன் கோட்டை மதில், பின்னேரம் வைன் ருசி பார்த்தல்.

"அப்பா, ஆணைக்குழுவில இருக்கிற ஒராள் இந்தச் சங்கத்திலயும் இருக்காம். வடிவாக் கதையுங்கோ," என்றாள்.

"ஆர் அது?"

"அது தெரியாது. எல்லாரோடயும் நல்லா நடந்தாச் சரிதானே."

எல்லாரோடும் நல்லபடி நடக்க எனக்கு ஏது நேரம்? நான் அந்த ஒராளைக் கண்டுபிடிப்பதென்று தீர்மானித்தேன். இரண்டு கிழமை இருந்து படித்தேன். மூர்த்தன் யுத்தம் நடந்த வருடம் 1476. யார் வந்தது, யார் ஓடியது, ஏரியில் யார் விழுந்தது எல்லாம் மனப்பாடம். குளிக்கும்போதுகூடச் சொல்லிப் பார்த்தேன்.

பஸ்ஸில் ஏறியவுடன் ஆளைக் கண்டுபிடித்துவிட்டேன். வெள்ளை மீசை, நிமிர்ந்த முதுகு, கையில் சின்னக் குறிப்புப் புத்தகம். ஜன்னலால் வெளியே பார்ப்பதும் ஏதோ எழுதுவதுமாக இருந்தார். வேறு யாராக இருக்க முடியும்? பக்கத்தில் போய் இருந்துகொண்டு, பஸ் ஊர் எல்லை தாண்டுவதற்கு முன்பே 1476 என்று ஆரம்பித்தேன். அவர் தலையாட்டிவிட்டு வெளியே பார்த்து எழுதினார். எனக்கு ஒரு புள்ளி விழுந்துவிட்டது என்று நினைத்தேன்.

ரோமர் அரங்கில் வழிகாட்டிப் பெண் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் பள்ளிக்கூடப் பிள்ளையைப் போலக் கையைத் தூக்கினேன். நான்காவது கேள்வியிலிருந்து அவர், இவரைத் தவிர வேறு யாருக்காவது தெரியுமா என்று கேட்கத் தொடங்கினார். மூர்த்தன் மதிலில் மரக்கூரை போட்ட நடைபாதையில் ஏறியபோது மீசைக்காரரை விடாமல் தொடர்ந்து போய் இரண்டாம் தரமும் 1476 சொன்னேன். கடுகளவு சந்தேகமும் அவருக்கு இருக்கக் கூடாது பாருங்கள். எனக்குப் பின்னால் நரைத்த முடியைக் கட்டையாக வெட்டிய ஒரு பெண்மணி வந்தார். வெள்ளை லினன் துணியில் தைத்த மேற்சட்டை போட்டிருந்தார். அப்பிள் ஒன்றைக் கத்தியால் வெட்டி எனக்கும் ஒரு துண்டு நீட்டி, எங்கே வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். ஆஸ்பத்திரியில் என்று வழக்கம்போலச் சொல்லிவிட்டு, அப்பிளை வாயில் போட்டுக்கொண்டு மீசைக்காரரின் பின்னால் ஓடினேன். இறங்கும் படியில் மூன்றாம் தரமும் சொல்லியாயிற்று.

பின்னேரம் ஏரிக்கு எதிர்க்கரையில் ஒரு குடும்பத்தாரின் வைன் நிலவறை. நீள மேசை, ஆளுக்கொரு கிளாஸ், நடுவில் ஒரு மண்சாடி. வழிகாட்டி விளங்கப்படுத்தினார்: கிளாஸைச் சுழற்ற வேண்டும், மணக்க வேண்டும், வாயில் வைத்து உருட்ட வேண்டும், விரும்பினால் சாடியில் துப்பலாம். நான் பெரிய சாமியார் இல்லை. கலியாண வீடுகளில் கோலாவோடு எதையாவது கலந்து குடித்திருக்கிறேன். ஆனால் கண் முன்னால் நிற்கும் வீட்டுக்காரர் ஆசையோடு ஊற்றித் தந்ததை அவர் முகத்துக்கு நேரே எப்படித் துப்புவது? ஐந்து வகை வைனையும் மரியாதையாக விழுங்கினேன். ஐந்தாவது முடிந்தபோது மரியாதை என் தலைக்கு ஏறியிருந்தது.

கடைசியில் வீட்டுக்காரர் ஒரு பழைய ஈயக் கோப்பையை எடுத்து வந்தார். அகலமான வாய். அதில் சிவப்பு வைனை நிறைய ஊற்றி, அவருடைய பாட்டனார் காலத்திலிருந்து வருகிற எல்லோரும் இந்த ஒரே கோப்பையில் ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் போவார்கள் என்றார். கோப்பை கைமாறி வந்தது. ஒவ்வொருவரும் உதட்டில் வைத்து உறிஞ்சினார்கள். மீசைக்காரர் மீசையையே நனைத்துவிட்டு என்னிடம் தந்தார்.

எட்டுப் பேர் வாய் வைத்த கோப்பை. அவர்கள் எச்சிலை நான் குடிப்பது ஒரு பக்கம் இருக்கட்டும். என் எச்சிலை எப்படி அடுத்தவருக்குக் கொடுப்பேன்? எனக்கு அடுத்து இருந்தவர் அந்த வெள்ளை மேற்சட்டைப் பெண்மணி. சின்ன வயதிலிருந்து பழகியபடி, முழு மரியாதையோடு, கோப்பையை ஒரு முழம் உயர்த்தி அண்ணாந்தேன்.

செம்பென்றால் ஒழுங்காக ஒரு தாரையாக வரும். அந்த அகல வாய்க் கோப்பையிலிருந்து வைன் மூன்று பக்கத்தால் வந்தது. ஒரு பங்கு சட்டைக் கழுத்துக்குள் போனது, ஒரு பங்கு மூக்குக்குள் போனது, மிச்சம் வாய்க்குள் வந்தது. மூக்குக்குள் போனது தும்மலாக வெளிக்கிட்டது. எச்சில் கொடுக்கக் கூடாது என்று நினைத்தவன், வாய் நிறைய இருந்த வைனை அப்படியே அந்தப் பெண்மணியின் வெள்ளைச் சட்டையில் தெளித்தேன்.

வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், எனக்கு முதலில் வந்த எண்ணம், நல்ல காலம் மீசைக்காரரில் படவில்லை என்பதுதான்.

அதற்குள் வழிகாட்டி கடதாசியை எடுத்துக்கொண்டு ஓடிவந்து அந்தச் சட்டையைத் தேய்க்கத் தொடங்கினார். அதைப் பார்த்ததும் எனக்குக் குடிவெறி இறங்கிவிட்டது.

"தேய்க்காதேங்கோ!" என்று தமிழில் கத்திவிட்டேன். பிறகு அதையே டொச் என்கிற ஜெர்மன் மொழியில் கத்தினேன். வழிகாட்டி கையை எடுத்துக்கொண்டார்.

வைன் கறையைத் தேய்த்தால் அது நூலுக்குள் போய்க் குடியிருந்துவிடும். அதற்குப் பிறகு யார் வந்தாலும் கிளப்ப முடியாது. சட்டையைக் கழற்றித் தரச் சொன்னேன், உள்ளே இன்னொன்று போட்டிருந்ததால் அவரும் கழற்றித் தந்தார். அதில் தைத்திருந்த துணிவகைச் சீட்டைப் பார்த்தேன். சுத்த லினன், சுடுதண்ணீர் தாங்கும். கம்பளியாக இருந்திருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும். உப்பு கொண்டுவாருங்கள், பெரிய கிண்ணம் வேண்டும், கேத்தலில் தண்ணீரைக் கொதிக்க வையுங்கள் என்று உத்தரவு போட்டேன். இத்தனை வருடத்தில் சுவிஸ்காரருக்கு நான் உத்தரவு போட்டது அதுதான் முதல் தடவை, அவர்களும் ஓடி ஓடிச் செய்தார்கள். கறை பட்ட இடத்தைக் கிண்ணத்தின் வாயில் இழுத்துக் கட்டி, ஒற்றி எடுத்து, உப்பைக் கொட்டிக் கொஞ்சம் பொறுத்தேன். பிறகு கதிரையில் ஏறி நின்றேன். கொதிதண்ணீரை உயரத்திலிருந்து ஊற்றினால்தான் அந்த வேகத்தில் கறை கழன்று போகும். மீசைக்காரர் கதிரையைப் பிடித்துக்கொண்டார், வீட்டுக்காரர் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டார். இந்த முறை தாரை ஒரு துளி பிசகவில்லை. சிவப்பு ரோஸாகி, ரோஸ் சாம்பலாகி, எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க வெள்ளையாகிவிட்டது.

கை தட்டினார்கள். அந்தப் பெண்மணி ஈரச் சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இதை எங்கே படித்தீர்கள் என்று கேட்டார். கதிரையில் நின்றபடி எனக்கு மறைக்கத் தோன்றவில்லை.

"ஆஸ்பத்திரியில் துணி தோய்க்கிறேன். இருபத்தொரு வருடமாக," என்றேன்.

திரும்பும் வழியில் 1476ஐப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. பீட்ரூட் கறைக்கு என்ன செய்வது, மெழுகுதிரி மெழுகு பட்டால் என்ன செய்வது, முற்றத்து இருக்கைத் துணியில் பறவை எச்சம் போட்டுவிட்டுப் போனால் என்ன செய்வது என்று பஸ்ஸில் ஒவ்வொருவராக எழும்பி வந்தார்கள். பறவைக் கேள்வி மீசைக்காரருடையது. அப்போதுதான் அவருடைய குறிப்புப் புத்தகத்தைப் பார்த்தேன். முழுக்கப் பறவைகளின் பெயர். காலையிலிருந்து ஜன்னலால் பார்த்த பருந்தையும் கொக்கையும் எழுதியிருக்கிறார். கடைசிப் பக்கத்தில் "உப்பு, கொதிதண்ணீர், உயரம்" என்று இருந்தது. நான் ஏன் அப்படிக் குடித்தேன் என்று கேட்டார். சொன்னேன். உடனே தன் தண்ணீர்ப் போத்தலைத் தூக்கி அண்ணாந்து குடித்துப் பார்த்தார். ஊர் வந்து இறங்கும்போது நாங்கள் இரண்டு பேரும் நனைந்திருந்தோம்.

வீட்டுக் கதவைத் திறந்த மனைவி ஓரடி பின்னால் போனாள். மற்றவர் சட்டையை வெளுத்த அவசரத்தில் என் சட்டையை மறந்துபோயிருந்தேன். நெஞ்சு முழுக்கச் சிவப்பு.

"ஆரையும் வெட்டிப்போட்டு வாறீங்களோ?" என்றாள்.

மகளுக்கு அதைவிட முக்கியமான கவலை. "ஆணைக்குழு ஆளைக் கண்டுபிடிச்சீங்களோ?"

"மீசைக்காரர் எண்டுதான் நினைக்கிறன். புத்தகத்தில பறவையளின்ர பேர்தான் இருந்தது, ஆனா ஆள் மதிப்பான ஆள்."

"அவரில ஒண்டும் ஊத்தேல்லையே?"

"சீச்சீ. அது வேற ஆரோ ஒரு அம்மாவில."

நவம்பரில் நேர்முகத்துக்குப் போனேன். கதவைத் திறந்தால் மேசைக்குப் பின்னால் மூன்று பேர். மீசை இல்லை. நடுவில் நரைத்த கட்டை முடி. வெளியே பனி கொட்டுகிறது, அவர் அந்த வெள்ளை லினன் சட்டையைப் போட்டுக்கொண்டு இருக்கிறார்.

படித்த டொச் முழுவதும் என்னை விட்டுப் போய்விட்டது. அவர் அமைதியாக முதல் கேள்வியைக் கேட்டார்: மூர்த்தன் யுத்தம் எந்த வருடம் நடந்தது? எனக்கு வரவில்லை. குளித்துக்கொண்டு சொன்னது, பஸ்ஸில் சொன்னது, மதிலில் சொன்னது ஒன்றும் வரவில்லை. நான் அந்தச் சட்டையில் கறை தேடிக்கொண்டிருந்தேன்.

"பரவாயில்லை," என்றார். "அன்றைக்கு மூன்று தரம் சொன்னீர்கள். எனக்குப் பாடமாகிவிட்டது."

பக்கத்தில் இருந்தவர், ஓய்வு நேரத்தை யாரோடு கழிக்கிறீர்கள் என்று கேட்டார். இந்தத் தடவை என்னிடம் உண்மையான பதில் இருந்தது. மீசைக்காரர், தபால் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர், அந்தப் பயணத்துக்கு அடுத்த ஞாயிறே பழைய மேசைத்துணி ஒன்றோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். கறை போகவில்லை, ஆனால் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். அதற்குப் பிறகு ஞாயிறுகளில் ஆற்றங்கரைக்குப் போய்ப் பறவை பார்க்கிறோம். அவர் பெயர் சொல்லுவார், நான் மறந்துபோவேன். இதை அப்படியே சொன்னேன்.

ஊர்ச் சம்மதக் கடிதம் இந்த வருடம் வந்தது. மாநில அரசு, மத்திய அரசு என்று மேலே இன்னும் இரண்டு படி இருக்கிறதாம், இருக்கட்டும். அப்பிளை நீட்டி என்னோடு கதைக்க வந்தவரை விட்டுவிட்டு ஒரு மீசையைத் துரத்தியதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. இத்தனை வருடமும் "ஆஸ்பத்திரியில வேலை" என்று பாதியில் நிறுத்திய வாயை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. அதனால் இப்போது யார் கேட்டாலும் துணி தோய்க்கிறேன் என்று முழுதாகச் சொல்கிறேன், கேட்டவர் உடனே குனிந்து தன் சட்டையைப் பார்க்கும்போது, கதைக்கத் தொடங்க எனக்கு இனி 1476 தேவையில்லை என்று தெரிகிறது.