வாயில் அடக்கிய அரிசி

டிவியில் நகைச்சுவை ஓடியது. கடையில் லட்டைத் திருடியவன் அதை வாயில் அடக்கிக்கொண்டு போலீஸ்காரர் முன்னால் நிற்கிறான். கேட்டதற்கெல்லாம் தலையாட்டுகிறான். வீட்டில் எல்லாருக்கும் சிரிப்பு.

"என்னா அத்தை, சிரிக்க மாட்டறீங்க?" என்றாள் மருமகள்.

"திருட்டுத்தானே அது? உள்ள போட்டுருவான்."

"காமெடி லா அத்தை! அதுக்குப் போயி கேஸ் போடுறீங்க."

நான் ஒருமுறை அப்படி நின்றிருக்கிறேன்.

மலாயாவில் வெள்ளைக்காரன் ஆண்ட அவசரகாலம். ரெம்பியா பக்கம் எங்கள் ரப்பர் தோட்டம். நாங்கள் குடியிருந்த லயத்து வீடுகளைச் சுற்றி முள்கம்பி. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று ஒரு பிடி அரிசிகூட கேட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் ஜெயில். ரப்பர் பால் வாளியில் அரிசி வைத்துப் பிடிபட்டாள் ஒருத்தி. அவள் திரும்பி வந்தபோது கைக்குழந்தைக்கு அவளைத் தெரியவில்லை.

அப்பா இறந்தார். இடுகாடு வேலிக்கு வெளியே. அவருக்கு ஆண்பிள்ளை இல்லை. குழிமேட்டில் வாய்க்கரிசி போட நான்தான் போனேன். சித்தப்பா பழக்கத்தில் அரிசியைத் துண்டில் முடிந்து வந்துவிட்டார். பாடை கேட்டைத் தாண்டியபின் காவலர் துண்டை அவிழ்த்தார்.

"பெராஸ் தா போலே," என்றார். அரிசி ஆகாது. தரையில் கொட்டினார். சாவு என்பதால் சித்தப்பாவை விட்டார்.

வெளியே போன பிணத்தைத் திருப்பக்கூடாது. அப்பா வெளியே, அரிசி உள்ளே. குனிந்து காலைத் தடவுவதுபோல் கொஞ்சம் அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன்.

பெண்களைச் சோதிக்க ஒரு தமிழ்ப் பெண் இருந்தாள். முந்தானையை உதறினாள். கொண்டையை அமுக்கிப் பார்த்தாள்.

"என்னா தங்கச்சி, வாயத் தொறக்க மாட்டற?"

தலையாட்டினேன். தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். அவள் விரல் என் கன்னத்தில் பட்டது. அங்கேதான் அரிசி. விரலை எடுக்காமல் என்னையே பார்த்தாள்.

"அழுது அழுது தொண்ட கட்டிக்கிச்சி புள்ளைக்கு. போ," என்றாள். காவலருக்கும் அதையே மலாயில் சொன்னாள்.

நான் அதுவரை அழவே இல்லை.

குழிமேட்டில் அரிசியைக் கையில் துப்பினேன்.

"என்னா புள்ள இது, எச்சி அரிசி?" என்றார் சித்தப்பா.

"வேற இல்ல சித்தப்பா."

அவர் குனிந்து அப்பாவின் முகத்துத் துணியை விலக்கினார்.

"சின்னதுல நீ துப்புனதத் தின்னவருதான். போடு."

போட்டேன். வாய் காலியானபிறகுதான் அழுகை வந்தது.