முனி சொன்ன பதில்

எங்கள் சாமைக் காட்டு ஓரத்தில் கண்மூடிச் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் கல் சிலை, ஊருக்கு முனி. அதன் படத்தைப் பார்த்த வெளிநாட்டுக்காரர்களுக்குப் புத்தர். வாடகைக்கு விட ஒரு அறை கட்டி, நெட்டில் போட்ட விளம்பரத்தில் அந்தப் படத்தையும் சேர்த்திருந்தேன். கொல்லிமலைக்கு வருகிறவர்கள் அருவி பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்கள், கல்லைப் பார்க்க எவன் வருவான் என்று ஊரே சிரித்தது. எனக்கு வீம்பு. வருவார்கள் என்றேன்.

கொரியாவிலிருந்து ஒரு அம்மாள் வந்தேவிட்டார். என் முதல் விருந்தாளி. கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துச் சோர்ந்திருந்தும், காப்பிகூடக் குடிக்காமல் சிலை எங்கே என்றார். ஒற்றையடிப் பாதையில் அழைத்துப் போனால், பூசாரியான என் சித்தப்பா சேவலும் அரிவாளுமாக நிற்கிறார், சுற்றிலும் ஊரே கூடியிருக்கிறது. கடல் தாண்டி வந்த விருந்தாளி பேரில் பலியாம். எங்கள் ஊரில் இதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. அந்த அம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது.

அவர் அழுதுகொண்டு மலை இறங்கினால் என் அறை சாமை மூட்டை போடத்தான் ஆகும். வேண்டாம் என்று தடுத்தாலோ சித்தப்பாவுக்கு ஊர் முன்னால் அவமானம். சட்டென்று வழி தெரிந்தது.

"ஏனுங்க சித்தப்பா, உத்தரவு கேக்காமயே வெட்டறதுங்களா?"

தண்ணீர் தெளித்ததும் சேவல் சிலிர்த்தால்தான் முனி சம்மதித்ததாக அர்த்தம். வெளிநாட்டு ஆளைக் கண்ட பரபரப்பில் மனுசன் அதை மறந்திருந்தார். மஞ்சள் தண்ணீர் தெளித்தார். சேவல் அசையவில்லை. மறுபடி தெளித்தார். கடைசியில் சொம்பையே கவிழ்த்தார். நான் மூச்சு விடவில்லை. சேவல் கண்ணைச் சிமிட்டியதோடு சரி.

"முனிக்கு இஷ்டமில்ல கண்ணு," என்று அதைக் கீழே விட்டார். கோபமில்லை. உத்தரவு என்றால் உத்தரவுதான்.

நடந்ததை போனில் மொழிபெயர்த்துக் காட்டினேன். அந்த அம்மாள் சிலை முன்னால் நெற்றி தரையில் பட விழுந்து வணங்கினார். பிறகு அவர் தன் மொழியில் பேச, போன் தமிழில் சொன்னது: "எத்தனையோ நாடுகளில் பெரிய கோயில்களில் புத்தரைக் கும்பிட்டிருக்கிறேன். எல்லோரும் அவரிடம் கேட்கிறோம். அவர் பதிலுக்குக் காத்திருந்து, சொன்னபடி நடக்கிறவர்களை இங்கேதான் பார்த்தேன். இதைத் தேடித்தான் இவ்வளவு தூரம் வந்தேன்."

அதை ஊருக்கே கேட்கும்படி மறுபடி ஒலிக்கவிட்டேன். சித்தப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னும் சில நாள் தங்கலாமா என்று அந்த அம்மாள் எல்லோர் முன்னிலையிலும் என்னைக் கேட்டார்.

சாமி முன்னால் கர்வப்படக் கூடாது என்பார்கள். அன்று நான் நெஞ்சு நிறையக் கர்வப்பட்டேன்.